தள்ளியும் விழாத சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், என் கழுத்து வலிகூட முன்னைப்போல இல்லை, அதனால் முதலில் அந்தக் கவலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மேலே படி. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, மனசுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ நடுவில் புகுந்து மாத்திரை போட்டியா, டாக்டர் என்ன சொன்னார் என்று ஆரம்பித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது அப்படியே தொண்டையில் நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். போன வாரம் எங்களை அங்கே வரவழைக்க ஏதோ படிவம் நிரப்புவதாகச் சொன்னாய் இல்லையா, என் பிறந்த தேதி கேட்டாய், அப்பாவின் பிறந்த தேதி கேட்டாய், அப்புறம், உன் வேலைங்கிற இடத்துல வழக்கம்போல போட்டுடறேம்மா என்றாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த வழக்கம்போல என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். மாதக் கடைசியில்தான் அனுப்ப வேண்டும் என்றாயே, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அந்த இடத்தை நிரப்பு.

முதலில் ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீ போனில் அழுதாய், சித்தாள் வேலைக்கு இனிமே போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றாய். நானும் பண்ணினேன். சத்தியத்தை மீறவில்லை கண்ணு. சித்தாள் வேலைக்குப் போகவில்லை. காலேஜுக்குப் போனேன். சிரிக்காதே, நிஜமாகத்தான். ஒருநாள் சாயங்காலம் நீ திடீரென்று கூப்பிட்டபோது பின்னால் டொக் டொக்கென்று கேட்கிறதே என்றாய், பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றேன் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து செங்கல்லை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தோம். உன் அப்பா வாயில் எதுவும் தங்காது என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை நீ கேட்டபோது, அம்மா வகு... என்று ஆரம்பித்து, என் முறைப்பைப் பார்த்து, வாக்கிங் போயிருக்கா என்று முடித்தார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்பாய், நான் தோற்றுப் போனால் உனக்கும் சேர்த்து வருத்தம் வரும், ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் மூடி வைத்தேன்.

நடந்தது இதுதான். நான் கடைசியாக வேலை பார்த்த ஏழு மாடிக் கட்டடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கட்டடக் கம்பெனிக்குத் தேர்ந்த கொத்தனார் கிடைக்காமல் திண்டாட்டம், நம் ஊர்த் தொழில்நுட்பக் காலேஜிலோ பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, அதனால் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டார்களாம். கல், மணல், கருவி, வேலை எல்லாம் கம்பெனி தரும். இடம், பாடம், சான்றிதழ் காலேஜ் தரும். ஆறு மாதப் படிப்பு, வாரத்தில் மூன்று நாள் காலேஜில், இரண்டு நாள் கட்டடத்தில். பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள், கடைசித் தேர்வில் முதல் எட்டு பேருக்குக் கம்பெனியில் கொத்தனார் வேலை நிச்சயம். எட்டாம் வகுப்பு படித்திருந்தால் போதும், வயது வரம்பு இல்லை என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னால் மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். போயிட்டு வா தாயி, உன் சட்டியைக் கழுவி இங்கயே கவுத்து வைக்கிறேன், ஆறு மாசம் கழிச்சு வந்து எடுத்துக்கோ என்றார். கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் நீளம். ஆனால் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சட்டியை இனி என்னால் தூக்க முடியாது பாப்பா. டாக்டர் சொன்ன பிறகு எனக்கு இரண்டே வழிதான் இருந்தது, ஒன்று கொத்தனார் ஆக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும். நான் வீட்டில் உட்கார்ந்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

காலேஜ் ஆபீஸில் கிளார்க் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, பையனுக்கா பொண்ணுக்காம்மா, அவங்க வரலையா என்று கேட்டார். எனக்குத்தான் சார் என்றேன். அவர் சட்டென்று எழுந்து நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை போல, மறுபடி உட்கார்ந்துகொண்டார். படிவத்தில் தற்போதைய தொழில் என்று ஓர் இடம் இருந்தது. சித்தாள் என்று எழுதினேன். எழுதும்போது உன் ஞாபகம்தான் வந்தது. பதினேழு வயதில் காலேஜில் சேர நீயும் இப்படி ஒரு படிவம் கொண்டுவந்தாய். தாயின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று முத்து முத்தாக எழுதியிருந்தாய். அந்த வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினாய். எட்டாவது படித்தவளுக்கு விரல் இடுக்கு போதாதா, வாசித்துவிட்டேன். நீ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத் தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறும்போது அழுகை வந்தது, இப்போது எதற்கு மறைக்க வேண்டும். ஆனால் உன்மேல் கோபப்பட முடியவில்லை. அந்த வார்த்தையே அப்படி. சித்தாள் என்றால் சிறு ஆள். இருபத்திரண்டு வருஷமாக என்னைச் சின்ன ஆளே, சின்ன ஆளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் என்னங்க என்று திரும்பியிருக்கிறேன். அதைப் போய் உன் படிவத்தில் எழுது என்று எந்த முகத்தோடு கேட்பேன்? அதற்கப்புறம் வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் நீ இல்லத்தரசி என்றே போட்டாய், அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், தெரியாதவள் மாதிரி நானும் இருந்துவிட்டேன். நல்ல ஜோடி நாம் இரண்டு பேரும்.

சரி, காலேஜ் கதைக்கு வருகிறேன். முதல் நாளே பேண்ட் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், பாதுகாப்பாம். அப்பா முப்பது வருஷமாக ஊருக்கே பேண்ட் தைத்தவர், எனக்கு அளவெடுக்க நாடாவோடு நின்றபோது அவருக்கு வெட்கம், எனக்கு அதைவிட வெட்கம். தைத்துப் போட்டுப் பார்த்தால் ஆறு பாக்கெட். எதுக்கு இத்தனை என்றேன், படிக்கிற புள்ளைக்கு வேண்டியிருக்கும் என்றார். அதிலிருந்து வீட்டுக் கரண்டி அவர் கைக்குப் போய்விட்டது, கொத்துக் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. முதல் வாரம் சோறு கஞ்சியாக வந்தது, இரண்டாவது வாரம் கல்லாக வந்தது, இப்போது பரவாயில்லை, உப்பு மட்டும் அவர் மனநிலையைப் பொறுத்து விழுகிறது. வகுப்பில் எனக்கு வரைபடம்தான் பெரிய எமன். அதில் எல்லாம் மில்லிமீட்டர். எனக்குச் சாண், முழம், அடி தெரியும், இந்தக் கடுகு மாதிரி அளவு யாருக்குத் தெரியும்? டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், பொறுமைசாலி. இருந்தாலும் எனக்கு வரைபடத்தைப் புரிய வைத்தது அவளில்லை, உன் அப்பாதான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தாளை விரித்து, இது முன்பக்கம், இது பக்கவாட்டு, இது மேலேருந்து பாக்கறது, சட்டைக்குக் காகிதம் வெட்டறோமே அதேதான் என்றார். அவ்வளவுதான், மண்டையில் விளக்கெரிந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருடைய தொழிலும் என்னுடைய தொழிலும் பங்காளிகள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. கலவையில் மட்டும் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. முதல் தடவை பதினொரு பேரும் தண்ணீரை ஊற்றிக் கூழாக்கிவிட்டு முழித்தார்கள், நான் மண்வெட்டியை வாங்கி நாலு புரட்டுப் புரட்டிக் காட்டினேன். நீயும் அந்தப் பல் செய்கிற லேபில் மாவு குழைக்கிறாயே, கை பதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? அது என் சீர்வரிசை.

ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆளுக்கொரு தடுப்பு, என்னுடையது கதவோரம் பன்னிரண்டாம் நம்பர். அதில் வாரம் முழுக்கச் சுவர் கட்டுவோம், வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரவர் சுவரை அவரவரே தள்ளிச் சாய்க்க வேண்டும், கல்லைச் சுரண்டி அடுக்கி வைத்து, திங்கட்கிழமை அதே கல்லில் மறுபடி கட்ட வேண்டும். அதற்காகக் கலவையில் சிமெண்ட் சேர்க்க மாட்டார்கள், சுண்ணாம்பும் மணலும் மட்டும்தான், அது காயுமே தவிர இறுகாது. அதே கலவையைத்தான் திரும்பத் திரும்பக் குழைப்போம், செங்கல் தூளெல்லாம் கலந்து சாம்பலும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கொண்டாட்டம், ஹோ என்று கத்திக்கொண்டு தள்ளுவார்கள். நான் மட்டும் கடைசி ஆளாக நிற்பேன். நான் தொட்ட எந்தச் சுவரும் விழுந்து நான் பார்த்ததில்லையே. முதல் வெள்ளிக்கிழமை கை வைக்கவே மாட்டேன் என்று நின்றேன். டீச்சர் வந்து, அக்கா இது சிலேட்டு மாதிரி, எழுதறோம் அழிக்கறோம், இதுக்கெல்லாம் மனசைக் குடுக்காதீங்க என்றாள். சரி என்று தலையாட்டினேன். மனசு ஆட்டவில்லை.

கடைசித் தேர்வு ஒரு சனிக்கிழமை. மார்க் போட வருகிறவர் கம்பெனியின் தலைமைக் கொத்தனார், நாங்கள் வைத்த பெயர் ரசமட்டம். மட்டம் பார்க்கிற கட்டையில் குமிழி நடுவில் வந்து நிற்கிற வரை ஆளை விட மாட்டார், சிரிப்பையும் அளந்துதான் விடுவார். இடுப்புக்கு மேலே உயரமாக, ஒரு மூலை திரும்புகிற சுவர், ஆறு மணி நேரம். அவர் காலையில் எங்களை நிற்க வைத்து, இதைப் பட்டறைச் சுவர்னு நினைக்காதீங்க, உங்க குடும்பம் இதுக்குள்ளதான் இருக்கப்போகுதுன்னு நினைச்சுக் கட்டுங்க என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கி விட்டுவிட்டார்கள். நான் அப்படியே நினைத்துக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் இருந்த ஓட்டு வீட்டில் மேற்குச் சுவரில் மழைத் தண்ணீர் வழியுமே, உன் பாயை நடு வீட்டுக்கு இழுத்துப் போடுவேனே, அது கண்முன்னால் வந்து நின்றது. அவ்வளவுதான் தெரியும். பக்கத்துப் பகுதியில் பூச்சு வகுப்புக்காரர்களின் சிமெண்ட் சாக்கு பிரித்த நிலையில் இருந்தது. என் கை போய் அள்ளிக்கொண்டு வந்தது, ஒன்றுக்கு ஆறு என்று மணலை அளந்தது, புரட்டியது. வேண்டுமென்று செய்தாயா என்று கேட்டால் இல்லை, தெரியாமல் செய்தாயா என்றாலும் இல்லை. குடும்பம் இருக்கப்போகிற சுவருக்குச் சிமெண்ட் போடாமல் யாராவது கட்டுவார்களா? கல்லையெல்லாம் முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வைத்தேன். முடிந்து கிளம்பும்போது ஈரச் சாக்கை எடுத்துச் சுவர்மேல் போர்த்தினேன். டீச்சர் பார்த்து, எதுக்குக்கா இது என்றாள், பழக்கம் டீச்சர் என்றேன், அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ரசமட்டம் வந்து ஒவ்வொரு சுவராக நேரே நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டார், கட்டையை வைத்தார், நாடா பிடித்தார். என் சுவரில் மூலையில் கொஞ்சம் சாய்வு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சந்து பூசியதும் அழகில்லை, அதை நானே ஒப்புக்கொள்வேன். எல்லாம் முடித்துக் கரும்பலகையில் தடுப்பு நம்பர்களை வரிசையாக எழுதினார். எட்டாவதாகப் பன்னிரண்டு என்று எழுதினார் பாப்பா. பத்து நிமிஷம் நான் கொத்தனாராக இருந்தேன். எனக்குப் பக்கத்துத் தடுப்புக்காரர் ஒருவர், முன்னாள் லாரி டிரைவர், வாயெல்லாம் பல்லாகக் கைகொடுத்தார், அவர் ஐந்தாவது. அப்புறம், சரி, எல்லாத்தையும் தள்ளிட்டு எடத்தைக் கூட்டுங்க என்றார்கள். பதினொரு சுவர் மடமடவென்று விழுந்தது. நான் கை வைத்துத் தள்ளினேன். ஒன்றுமில்லை. டிரைவர் வந்து தோளைக் கொடுத்தார். ஒன்றுமில்லை. என்ன வேடிக்கை இது என்று ரசமட்டமே வந்து முட்டினார், முட்டிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து கல் இடுக்கை நகத்தால் கீறிப் பார்த்தார். மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. சொன்ன கலவையைப் போடத் தெரியாதவங்க சைட்டுல என்ன பண்ணுவீங்க, நாளைக்கு எஞ்சினியர் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு செய்வீங்களா என்று சத்தம் போட்டார். நீங்கதான சார் குடும்பம் இருக்கப்போகுதுன்னு சொன்னீங்க என்று சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. கரும்பலகைக்குப் போய்ப் பன்னிரண்டை அழித்தார். புதன்கிழமைக்குள்ள நீங்களே இதை உடைச்சு எடத்தைக் காலி பண்ணுங்க, அடுத்த செட்டு வருது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை கண்ணு, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்பா சுத்தியலுக்குப் பிடி ஆடுகிறது என்று எடுத்து ஆப்பு வைத்துச் சரி செய்து கொடுத்தார்.

இரண்டு நாள் உளியும் சுத்தியலுமாக நானே கட்டியதை நானே உடைத்தேன். சுவரை வைதுகொண்டே உடைத்தேன், கடன்காரச் சுவரே, உன்னை யார் இவ்வளவு கெட்டியாக நிற்கச் சொன்னது என்று. நாலைந்து கல்லாகச் சேர்ந்துதான் பெயர்ந்தது, கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒன்றையொன்று விடவே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வேலை முடிந்ததா என்று பார்க்க ரசமட்டம் வந்தார். கீழே கிடந்த ஒரு கட்டியை எடுத்து இன்னொரு தட்டுத் தட்டிப் பிளந்தார். உள்ளே பார்த்தார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் பக்கத்துத் தடுப்புக்குப் போனார், அங்கே டிரைவர் சுவரின் அடி இரண்டு வரிசை கூட்டாமல் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு கல்லை நெம்பி எடுத்தார். இரண்டு ஓரத்திலும் கலவை, நடுவில் வெறும் ஓட்டை, கையை விடலாம். என் கல்லில் எங்கே பிளந்தாலும் நிரம்பியிருந்தது, அடியிலும் சரி, பக்கத்துச் சந்திலும் சரி. அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். முன்னால ஒழுங்கா இருக்கான்னுதான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு உடைச்சுப் பாத்ததே இல்லை என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அப்புறம் என்னைப் பார்த்து, உள்சந்தை இப்படி நிரப்ப யார் சொல்லிக்கொடுத்தா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. யாரும் சொல்லித் தரல சார், இருபத்திரண்டு வருஷம் கலவை சுமந்தவ நான், எந்தச் சுவருக்கு எத்தனை சட்டி போகணும்னு என் கழுத்துக்குத் தெரியும், பத்துச் சட்டி கேக்கிற சுவரை ஏழு சட்டியில முடிச்சிட்டேன்னு ஒரு கொத்தனார் பெருமையா சொன்னா மீதி மூணு சட்டி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும், அது சுவருக்குள்ள ஓட்டையா இருக்கும், மழைத் தண்ணி அந்த வழியாத்தான் வரும் என்றேன். மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு, நீங்க கலவை மாத்தினது தப்புதான், அதை நான் மன்னிக்கப்போறதில்லை, ஆனா நான் மார்க் போட்டதும் தப்பு என்றார்.

அவரும் டீச்சரும் பிரின்சிபால் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்து, வர்ற சனிக்கிழமை பன்னிரண்டு பேருக்கும் மறுபடி தேர்வு, இந்தத் தடவை சுவரை வெளியில பாத்து பாதி மார்க், வரிசை வரிசையாப் பிரிச்சு உள்ள பாத்து மீதி மார்க் என்று அறிவித்தார்கள். பதினொரு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நல்லவேளை அதில் சிமெண்ட் கலக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் அவர்கள் சொன்ன சுண்ணாம்புக் கலவையை மட்டும்தான் தொட்டேன், சிமெண்ட் சாக்கு இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மூலைக்கு மட்டும் ஒவ்வொரு வரிசைக்கும் குண்டு விட்டுப் பார்த்தேன். நாலாவதாக வந்தேன். டிரைவர் எட்டாவதாக வந்து என்னைக் கும்பிட்டார், கூடவே திட்டவும் செய்தார். முதல் தேர்வில் முதலாவதாக வந்த ஆள் ஒன்பதாவதுக்குப் போய்விட்டார், அடுத்த செட்டோடு மறுபடி எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் அவர் முகம் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாம் முடிந்து மிச்சம் நின்ற சுவரைத் தள்ளச் சொன்னார்கள். ஒரு கையால் தள்ளினேன். பொலபொலவென்று விழுந்தது. முதல் தடவையாக நானும் ஹோ என்று கத்தினேன், டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சான்றிதழ் அடிக்கிற அன்றைக்கு அதே கிளார்க் தலையைச் சொறிந்தார். எல்லாருக்கும் கொத்தனார்னு போட்டாச்சு, உங்களுக்கு என்னம்மா போடறது, கொத்தனாரம்மாவா, இல்லை பெண் கட்டடத் தொழிலாளர்னு போட்டுடலாமா, அது கௌரவமா இருக்கும் என்றார். நான் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற ரசமட்டம், கடைசியில வர்ற ஆர் மரியாதைக்கு, மீசைக்கு இல்லை, கொத்தனார்னே அடிங்க என்றார். அடித்துவிட்டார்கள். போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன், அதே ஏழு மாடிக் கட்டடம், இப்போது ஐந்தாவது மாடியில் உள்சுவர்கள். மேஸ்திரி சொன்ன வாக்குத் தவறாமல் என் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்து, கொத்தனாரே, இந்தப் பக்கம் வாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். கழுத்தைப் பற்றிப் பயப்படாதே, தலையில் ஒரு செங்கல்கூட ஏற்றுவதில்லை. கலவை தள்ளுவண்டியில் வருகிறது, தள்ளிக்கொண்டு வருகிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், அந்த இன்னொரு வார்த்தை என் வாயில் வராது. எத்தனை வண்டி வந்தது என்று அவளும் எண்ணுகிறாள், நானும் எண்ணுகிறேன்.

மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. குழாய் மறுபடி ஒழுகுகிறது, வீட்டுக்காரம்மா நாளைக்கு நாளைக்கு என்கிறார். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோப்பது சிரமமாகிவிட்டது, கண்ணாடி மாற்றச் சொன்னால் ஊசியின் காது சின்னதாகிவிட்டது என்கிறார், நீ ஒரு அதட்டல் போடு, உனக்குத்தான் பயப்படுவார். அத்தை போன வாரம் வந்து உன் கல்யாணப் பேச்சை எடுத்தாள், சுவர் விஷயத்தை ஆரம்பித்து அவளை அரை மணி நேரம் உட்கார வைத்தேன், இனி கொஞ்ச நாளைக்கு வர மாட்டாள். நீ நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விட்டுவிடு. மாவுத் தூசி மூக்கில் போகாமல் முகத்தைக் கட்டிக்கொண்டு வேலை செய், அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நீ. போகிற வேலையில் நல்ல பெயரும், போய்த் திரும்புகிற இடத்தில் நிம்மதியும் உனக்கு எப்போதும் இருக்க வேண்டும், உன் தலைமேல் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்.

இப்போது அந்தப் படிவம். எடுத்து முன்னால் வை. பதினேழு வயதில் நீ மறைத்தது எனக்கு இப்போது வருத்தமில்லை, அன்றைக்கு எழுதிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தையை நான் உனக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது கொடுக்கிறேன். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் கொத்தனார் என்று எழுது. அந்த ஊர் மொழியில் அதற்கு எத்தனை எழுத்து என்று எனக்குத் தெரியாது, நம் மொழியில் ஐந்தே எழுத்து, எந்தக் கட்டத்திலும் அடங்கும். எண்ணிப் பார்த்தேன், சித்தாளைவிட ஒரே ஒரு எழுத்துதான் அதிகம். அந்த ஒரு எழுத்துக்குத்தான் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது. எழுதும்போது கையை எடுத்துவிட்டு எழுது பாப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா,
கொத்தனார்